மாட்டுக்காரச் சூசை

பன்னிரண்டு ஏர் மாடுகளைப் பூட்டி உழுதுகொண்டிருந்த எலிசாவின் மீது இறைவாக்கினர் எலியா தம் போர்வையை வீசி, அவரை இறைபணிக்கு அழைத்ததைத் திருவிவிலியத்தில் வாசிக்கிறோம். மாடு ஓட்டும் கைகளையும் இறைவன் பெரிய காரியங்களுக்குத் தேர்ந்துகொள்கிறார் என்பதற்கு அது பழைய சான்று. அதற்குப் புதிய சான்றாக இருபதாம் நூற்றாண்டில் ஜெர்மனி நாட்டில் வாழ்ந்த ஒருவரைப் பற்றி இக்கட்டுரையில் காண்போம். அவர் பெயர் யோசப் முல்லர்.

பத்தாம் வகுப்பு வரலாற்றுப் பாடத்தில் ஹிட்லரின் எழுச்சியையும் வீழ்ச்சியையும் நாம் படிக்கிறோம். ஒரு நாடே அவர் பின்னால் சென்றது என்று படிக்கும்போது, "அந்நாட்டில் மறுத்துப் பேச ஒருவர்கூட இல்லையா?" என்ற கேள்வி நம் உள்ளத்தில் எழுகிறது. மறுத்தவர்கள் இருந்தார்கள். அவர்களில் பலர் புரட்சி பேசியவர்கள் அல்லர். கோவிலுக்குச் செல்பவர்கள், பழமையைப் போற்றுபவர்கள், சட்டத்தை மதிப்பவர்கள். முல்லரும் அத்தகைய ஒருவரே. அரசியலில் இவர்களைப் பழமை பேணுவோர் என்று அழைப்பார்கள். பழமை பேணுவது என்றால் எதைப் பேணுவது, எதை விட்டுவிடுவது? அவருடைய வாழ்க்கை இக்கேள்விக்கு நல்லதொரு விடையாக அமைந்துள்ளது.

கிராமத்துச் சிறுவன்

ஜெர்மனியின் தென்கிழக்குப் பகுதி பவேரியா. அதன் தலைநகரம் மியூனிக். அம்மாநிலத்தின் வடகோடியில், காடுகள் சூழ்ந்த மலைப்பாங்கான இடத்தில் ஸ்டைன்வீசன் என்னும் சிற்றூர் உள்ளது. அங்கே ஓர் எளிய உழவர் குடும்பத்தில் 1898ஆம் ஆண்டு மார்ச் 27ஆம் நாள் முல்லர் பிறந்தார்.

யோசப் என்பது நம் சூசையப்பரின் பெயர்தான். நம் ஊர்களில் சூசையப்பனைச் "சூசை" என்று சுருக்கி அழைப்பது போலப் பவேரியாவில் யோசப்பைச் "செப்" என்று அழைப்பார்கள். இளமையில் மாட்டுவண்டி ஓட்டியவர் என்பதால் முல்லருக்கு "ஓக்சன்செப்" என்ற பட்டப்பெயர் வந்து ஒட்டிக்கொண்டது. "ஓக்சன்" என்றால் எருதுகள். நம் மொழியில் சொன்னால் "மாட்டுக்காரச் சூசை". அவர் முனைவர் பட்டம் பெற்ற பின்னரும், அமைச்சரான பின்னரும் இந்தப் பெயர் அவரை விட்டு நீங்கவில்லை. நண்பர்கள் அன்போடும் எதிரிகள் ஏளனத்தோடும் அப்பெயரையே சொன்னார்கள்.

முதல் உலகப் போரில் இளைஞரான முல்லர் போர்முனைக்குச் சென்றார். போர் முடிந்ததும் மியூனிக் பல்கலைக்கழகத்தில் சட்டமும் பொருளாதாரமும் பயின்று, 1925இல் முனைவர் பட்டம் பெற்று, பின்னர் வழக்கறிஞரானார். பவேரிய மக்கள் கட்சி என்னும் கத்தோலிக்கர் கட்சியில் சேர்ந்து உழைத்தார்.

1933: சோதனையின் தொடக்கம்

1933ஆம் ஆண்டு ஜனவரியில் ஹிட்லர் ஜெர்மனியின் ஆட்சியைக் கைப்பற்றினார். மார்ச் மாதத்தில் அவருடைய நாஜிக் கட்சியினர் பவேரிய அரசையும் பறித்துக்கொண்டனர். அப்போது பவேரியாவின் முதலமைச்சராக இருந்தவர் ஹைன்ரிக் ஹெல்டு. பணிந்துவிடாமல் எதிர்த்து நிற்கும்படியும், நாஜித் தலைவன் ஹிம்லரைச் சுடச் செய்யும்படியும் தாம் ஹெல்டுக்கு ஆலோசனை கூறியதாக முல்லர் பின்னாளில் எழுதினார். மறு ஆண்டில் அவர் கைதாகி ஹிம்லரின் முன்னிலையிலேயே விசாரிக்கப்பட்டார். அந்த ஆலோசனையை அங்கேயும் தாம் மறைக்கவில்லை என்று அவர் குறிப்பிடுகிறார். எப்படியோ அம்முறை விடுதலை கிடைத்தது.

அதன்பின் அவருடைய வழக்கறிஞர் தொழிலே எதிர்ப்பின் கருவியாயிற்று. நாஜி அரசு துறவற மடங்களையும் திருச்சபையின் நிறுவனங்களையும் நெருக்கியது. அவற்றின் சொத்துகளையும் உரிமைகளையும் காக்க முல்லர் சட்டத்தின் வழியில் வாதாடினார். இவ்வாறு குருக்களுடனும் மடங்களின் தலைவர்களுடனும் உரோமையில் உள்ளவர்களுடனும் அவருக்குப் பழக்கம் ஏற்பட்டது. இந்தப் பழக்கமே அவரைப் பெரியதோர் ஆபத்தான பணிக்கு இட்டுச் சென்றது.

உரோமைக்குத் தூது

1939ஆம் ஆண்டு செப்டம்பரில் ஹிட்லர் போலந்தின் மீது படையெடுக்க, இரண்டாம் உலகப் போர் மூண்டது. ஜெர்மனியின் இராணுவ உளவுத்துறைக்குக் கனாரிஸ் என்ற கடற்படைத் தளபதி தலைவராக இருந்தார். அவருக்குக் கீழ் ஓஸ்டர் என்ற அதிகாரி பணியாற்றினார். உளவுத்துறைக்குள்ளேயே ஹிட்லரை வீழ்த்த விரும்பிய ஒரு சிறு குழு இருந்தது. ஓஸ்டர் அதன் உயிர்நாடி. இவர்கள் முல்லரை அழைத்து, அதிகாரி பதவி தந்து, உரோமைக்கு அனுப்பினார்கள். வெளியார் பார்வையில் அவர் ஜெர்மனிக்காக உளவு பார்க்கச் செல்பவர். உண்மையில் அவர் சென்றது பாப்பரசரிடம் தூதாக.

அப்போதைய பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர். பயஸ் என்றும் அவரை அழைப்பார்கள். பாப்பரசராகும் முன் அவர் திருத்தந்தையின் தூதராக மியூனிக்கிலும் பெர்லினிலும் பல ஆண்டுகள் வாழ்ந்தவர். ஜெர்மானியரை நன்கு அறிந்தவர். முல்லர் கொண்டுவந்த கேள்வி இதுதான்: ஜெர்மானியர்களே ஹிட்லரைப் பதவியிலிருந்து அகற்றினால், அந்தக் குழப்ப நேரத்தைப் பயன்படுத்தி ஜெர்மனியைத் தாக்காமல் நியாயமான சமாதானத்துக்கு இங்கிலாந்து இணங்குமா? இதை இங்கிலாந்து அரசிடம் கேட்டுச் சொல்லப் பாப்பரசர் இசைந்தார். செய்தி வெளியானால் திருச்சபைக்கே பெரும் கேடு விளையும் என்று அறிந்தே அவர் இசைந்தார்.

செய்தி சென்ற வழியைக் கவனிப்போம். முல்லர் நேரில் பாப்பரசரைச் சந்திக்காமல், பாப்பரசரின் அந்தரங்கச் செயலாளர்போல் பணியாற்றிய இயேசு சபைக் குரு இராபர்ட் லைபரிடம் பேசுவார். லைபர் அடிகளார் பாப்பரசரிடம் கூறுவார். பாப்பரசர் வத்திக்கானில் இருந்த இங்கிலாந்துத் தூதர் ஆஸ்பர்னிடம் தெரிவிப்பார். ஆஸ்பர்ன் லண்டனுக்கு எழுதுவார். பதிலும் இதே படிகளில் இறங்கி வரும். 1939ஆம் ஆண்டின் இறுதியிலும் 1940ஆம் ஆண்டின் தொடக்கத்திலும், அந்தக் குளிர்காலம் முழுவதும் இத்தூது நடந்தது.

இதன் விவரங்களைத் தொகுத்து ஓர் அறிக்கை எழுதப்பட்டது. அதில் முல்லரின் பெயர் இல்லை. "எக்ஸ்" என்ற எழுத்து மட்டுமே இருந்தது. எனவே வரலாற்றில் அது "எக்ஸ் அறிக்கை" எனப்படுகிறது. ஆனால் ஜெர்மானியப் படையின் தலைமைத் தளபதி பிரௌகிச் அதைக் கண்டதும், இது தேசத்துரோகம் என்று ஒதுக்கிவிட்டார். படைத் தலைவர்கள் அசையாததால் முயற்சி வீணாயிற்று.

1940ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில், ஹாலந்து, பெல்ஜியம் ஆகிய நாடுகளின் மீது ஹிட்லர் பாயப்போகிறார் என்ற எச்சரிக்கையை முல்லர் உரோமைக்குக் கொண்டு சென்றார். வத்திக்கானிலிருந்து அச்செய்தி அந்நாடுகளுக்கு எட்டியது. மே 10ஆம் நாள் படையெடுப்பு நடந்தே விட்டது. அதோடு, உரோமையிலிருந்து பெல்ஜியத் தூதர் அனுப்பிய தந்தியை ஜெர்மானியர் இடைமறித்துப் படித்துவிட்டார்கள். இரகசியத்தை வெளியிட்டவர் யார் என்று கண்டுபிடிக்க ஹிட்லர் ஆணையிட்டார். கனாரிஸ் அந்த விசாரணையை யாரிடம் ஒப்படைத்தார் தெரியுமா? முல்லரிடமே! தாம் செய்த செயலைத் தாமே துப்பறிய முல்லர் உரோமைக்குச் சென்று வந்தார்.

இது சரியா?

இங்கே நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். தன் நாட்டின் போர் இரகசியத்தைப் பிற நாட்டுக்குச் சொல்வது குற்றமல்லவா? தன் நாட்டுப் போர்வீரர்களின் உயிருக்கு அதனால் ஆபத்து வராதா? முல்லரே முதல் போரில் களம் கண்டவர். போர்வீரனின் துன்பம் அவருக்குத் தெரியாததன்று.

நான்காம் கட்டளை பெற்றோருக்கும் மேலோருக்கும் கீழ்ப்படியச் சொல்கிறது என்று மறைக்கல்வியில் கற்கிறோம். ஆனால் மேலோர் கட்டளையிடுவது இறைவனின் கட்டளைக்கு நேர்மாறாக இருந்தால் என் செய்வது? தலைமைச் சங்கத்தின் முன் நின்ற பேதுருவும் மற்றத் திருத்தூதர்களும் இதே நிலையில்தான் இருந்தார்கள். யாருக்கு முதலில் கீழ்ப்படிவது என்பதை அவர்கள் அஞ்சாமல் சொன்னார்கள். போர் தொடாத நாடுகளைத் தாக்குவதும், குற்றமற்ற மக்களைக் கொல்வதும் ஒரு நாட்டின் நன்மையாக ஒருபோதும் இருக்க முடியாது. தன் வீடு தீப்பற்றியபோது அண்டை வீட்டாரை எழுப்பி எச்சரிப்பவன் தன் குடும்பத்துக்குத் துரோகி ஆகமாட்டான். முல்லர் எளிதாக இம்முடிவுக்கு வந்திருக்க முடியாது. ஆயினும் மனச்சான்றின் குரலுக்கு அவர் செவிசாய்த்தார்.

சிறையும் தூக்குமரமும்

உளவுத்துறையின் எதிர்ப்புக் குழுவில் டீட்ரிக் பான்ஹோஃபர் என்னும் புராட்டஸ்டண்டு போதகரும் இருந்தார். 1940ஆம் ஆண்டின் இறுதியில் அவர் பவேரியாவில் உள்ள எட்டால் மடத்தில் தங்குவதற்கு முல்லர் துணைபுரிந்தார். புனித ஆசீர்வாதப்பர் சபைத் துறவியர் வாழும் மடம் அது. ஒரு புராட்டஸ்டண்டு போதகர் கத்தோலிக்க மடத்தின் அமைதியில் அமர்ந்து, கிறிஸ்தவ ஒழுக்கநெறி பற்றித் தம் நூலை எழுதிக்கொண்டிருந்தார். அக்காலத்தில் இது அரிதான காட்சி.

1943ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் நாள் முல்லரும் பான்ஹோஃபரும், எக்ஸ் அறிக்கையை எழுதிய டோனானியும் ஒரே நாளில் கைது செய்யப்பட்டார்கள். 1944 மார்ச்சில் இராணுவ நீதிமன்றம் முல்லரைக் குற்றமற்றவர் என்று தீர்ப்பளித்தது. ஆயினும் அவரை வெளியே விடவில்லை. அவ்வாண்டு ஜூலை 20ஆம் நாள் ஹிட்லரைக் குண்டு வைத்துக் கொல்ல நடந்த முயற்சி தோல்வியுற்றது. தொடர்ந்து நடந்த தேடலில் எதிர்ப்புக் குழுவின் மறைத்து வைத்திருந்த ஆவணங்கள் அகப்பட்டன. முல்லர் பூகன்வால்டு முகாமுக்கும், பின்னர் ஃபுளோசன்பூர்க் முகாமுக்கும் கொண்டுசெல்லப்பட்டார்.

1945ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் நாள் ஃபுளோசன்பூர்க்கில் கனாரிஸ், ஓஸ்டர், பான்ஹோஃபர் ஆகியோர் தூக்கிலிடப்பட்டனர். போர் முடிய ஒரு மாதமே இருந்தது. டோனானியும் அதே மாதத்தில் வேறொரு முகாமில் கொல்லப்பட்டார். முல்லரையும் தூக்குமரத்தின் அருகே அழைத்துச் சென்றார்கள். ஆனால் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பின்னர் டாகௌ முகாம் வழியாக, வேறு பல புகழ்பெற்ற கைதிகளுடன் ஆல்ப்ஸ் மலைப்பகுதியில் உள்ள தென்திரோல் என்னுமிடத்துக்கு அவரைக் கொண்டு சென்றார்கள். அங்கேதான் விடுதலை கிட்டியது. தோழர்கள் மாண்ட இடத்திலிருந்து தாம் மட்டும் உயிரோடு திரும்பியவர், மீந்த வாழ்நாளை என்ன செய்வது என்ற கேள்வியோடுதான் ஊர் திரும்பியிருக்க வேண்டும்.

பழைய சுவரை இடித்தவர்

மியூனிக் நகரம் குண்டுவீச்சால் இடிபாடாய்க் கிடந்தது. அந்த இடிபாடுகளுக்கு நடுவே 1945இல் முல்லர் ஒரு புதிய கட்சியைக் கட்டத் தொடங்கினார். அவரைப் போலவே எளிய குடும்பத்தில் பிறந்து தச்சுத்தொழில் செய்து உயர்ந்த ஆடம் ஸ்டேகர்வால்டு என்பவரும் இதில் முன்னோடி. கிறிஸ்தவ சமூக ஒன்றியம் என்பது அக்கட்சியின் பெயர்.

அந்தப் பெயரிலேயே ஒரு புதுமை இருந்தது. ஹிட்லருக்கு முன் ஜெர்மனியில் கத்தோலிக்கருக்கு ஒரு கட்சி, புராட்டஸ்டண்டு மக்களுக்கு வேறு கட்சிகள் என்ற நிலை இருந்தது. ஒரே ஊரில் வாழ்ந்தாலும் ஒருவர் மேடையில் மற்றவர் ஏறமாட்டார். நூற்றாண்டுகளாக இருந்த இந்தச் சுவர் நாஜிகளுக்கு மிகவும் உதவியது என்று முல்லர் கருதினார். முகாமில் கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டு சபையினரும் ஒரே கொட்டடியில் கிடந்து, ஒரே கயிற்றில் தொங்கினார்கள். வெளியே மட்டும் பிரிந்து நிற்பது எதற்கு? எனவே புதிய கட்சி இரு சபையினருக்கும் சமமாக உரியதாக இருக்க வேண்டும் என்றார்.

கட்சிக்குள்ளேயே இதற்குக் கடும் எதிர்ப்பு எழுந்தது. அலாய்ஸ் ஹுண்ட்ஹாமர் என்பவர் எதிர்த்தரப்பின் தலைவர். இவரும் உழவர் மகன். இவரும் 1933இல் டாகௌ முகாமில் அடைக்கப்பட்டவர். பவேரியாவின் பழைய கத்தோலிக்க மரபும் மாநில உரிமையும் மங்கிவிடக் கூடாது என்பது இவருடைய கவலை. இருவரும் நல்லவர்களே, இருவரும் பழமையைப் போற்றியவர்களே. பழமையில் எதைக் காப்பது என்பதில்தான் அவர்கள் வேறுபட்டார்கள்.

1946 டிசம்பர் 1ஆம் நாள் நடந்த பவேரியச் சட்டமன்றத் தேர்தலில் கிறிஸ்தவ சமூக ஒன்றியம் 180 இடங்களில் 104 இடங்களை வென்றது. கட்சித் தலைவர் முல்லர். அவரே முதலமைச்சராவார் என்று யாரும் எதிர்பார்ப்பார்கள் அல்லவா? ஆனால் சட்டமன்றத்தில் வாக்கெடுப்பு நடந்தபோது சொந்தக் கட்சியினரில் ஒரு பகுதியினரே அவருக்கு வாக்களிக்கவில்லை. ஹான்ஸ் ஏஹார்டு என்பவர் முதலமைச்சரானார். 1949இல் கட்சித் தலைமையும் ஏஹார்டிடம் சென்றது.

முல்லர் கோபித்துக்கொண்டு கட்சியை உடைத்துவிடவில்லை. தம்மை வென்ற ஏஹார்டின் அமைச்சரவையிலேயே 1947 முதல் 1952 வரை நீதி அமைச்சராகப் பணியாற்றினார். சட்டமே இல்லாத ஆட்சியால் சிறைப்பட்டவர், சட்டத்தின் ஆட்சியை மீண்டும் நிறுவும் பொறுப்பில் அமர்ந்தார்.

நிழலும் உண்டு

உண்மையை எழுதும்போது குறையையும் மறைக்கக் கூடாது. நாஜிக் கொடுமைக்கு உள்ளானோருக்கு இழப்பீடு வழங்கும் பவேரிய அலுவலகத்தின் தலைவராகப் பிலிப் அவுர்பாக் என்ற யூதர் இருந்தார். இவர் ஆஷ்விட்ஸ் முகாமிலிருந்து மீண்டவர். அவர்மீது நிதி முறைகேட்டு வழக்குத் தொடரப்பட்டது. முல்லர் முன்னர் அவரிடமிருந்து பணம் பெற்றிருந்தார் என்ற செய்தியும் வெளிவந்தது. இதனால் 1952இல் முல்லர் அமைச்சர் பதவியைத் துறந்தார். அவ்வாண்டு ஆகஸ்டில் தண்டனை விதிக்கப்பட்ட அவுர்பாக் மனமுடைந்து தம் உயிரை மாய்த்துக்கொண்டார். 1954இல் சட்டமன்றக் குழு ஆராய்ந்து, முக்கியக் குற்றச்சாட்டுகளிலிருந்து அவரை விடுவித்தது. அதைக் காண அவர் உயிரோடில்லை.

தூக்குமரத்தின் நிழலில் உறுதியாக நின்ற ஒருவர், பதவியின் நிழலில் இடறினார். பெரிய சோதனையை வென்றவருக்கும் சிறிய சோதனைகள் முடிந்துவிடுவதில்லை. புனிதர்களின் வரலாறும் நமக்கு இதையே சொல்கிறது.

1960இல் முல்லர் மியூனிக் மேயர் தேர்தலில் நின்று, 34 வயது இளைஞரான ஹான்ஸ் யோகன் ஃபோகலிடம் தோற்றார். 1962 வரை சட்டமன்ற உறுப்பினராக இருந்தார். 1975இல் தம் வாழ்க்கை வரலாற்றை வெளியிட்டார். 1979ஆம் ஆண்டு செப்டம்பர் 12ஆம் நாள் மியூனிக்கில் காலமானார்.

அவர் கட்டிய கட்சி

பதவிகளை வைத்துப் பார்த்தால் முல்லர் முதலமைச்சர் ஆக முடியாதவர், மேயர் ஆக முடியாதவர். ஆனால் அவர் எதற்காகப் போராடினாரோ அது நிலைத்தது. கிறிஸ்தவ சமூக ஒன்றியம் இரு சபையினருக்கும் உரிய கட்சியாகவே வளர்ந்தது. 1957 முதல் பவேரியாவின் முதலமைச்சர்கள் அனைவரும் அக்கட்சியைச் சேர்ந்தவர்களே. கத்தோலிக்கர் மிகுந்த அம்மாநிலத்தில் புராட்டஸ்டண்டு சபையைச் சேர்ந்தவர்களும் அக்கட்சியின் சார்பில் முதலமைச்சராகியிருக்கிறார்கள். 1946இல் பலருக்கு அது நினைத்தும் பார்க்க முடியாத காரியம்.

நாம் அறிவது

பழமை பேணுவது என்றால் பழையதை எல்லாம் கட்டிக் காப்பது என்று நாம் எண்ணிவிடுகிறோம். பாட்டியின் பழைய பெட்டியில் பொன்னகையும் இருக்கும், துருப்பிடித்த பூட்டும் இருக்கும். இரண்டும் பழையவைதாம், ஆனால் இரண்டையும் ஒன்றுபோல் பூட்டி வைப்பார் இல்லை. இறைநம்பிக்கை, மனச்சான்று, சட்டத்தின் நேர்மை ஆகியவற்றை முல்லர் பொன்னெனக் காத்தார். அவற்றுக்காக உயிரையும் பணயம் வைத்தார். சபைப் பகைமை என்னும் துருப்பிடித்த பூட்டையோ, அது எவ்வளவு பழையதாயினும், உடைத்து எறிந்தார். பழமையைக் காக்கப் பகுத்தறியும் கண்ணும் வேண்டும் என்பதே அவர் வாழ்க்கை தரும் பாடம்.

இன்னொன்றும் உண்டு. "மாட்டுக்காரன்" என்று ஏளனம் செய்தவர்களிடம் அவர் தம் பிறப்பை மறைக்கவில்லை. நம் பள்ளியிலும் வயலிலிருந்தும் கடற்கரையிலிருந்தும் மலைத்தோட்டத்திலிருந்தும் வரும் தோழியர் இருக்கிறார்கள். பெற்றோரின் தொழிலைச் சொல்ல நம்மில் எவரும் நாணத் தேவையில்லை. கேலிக்காகச் சூட்டிய பெயரையும் ஒருவரின் நடத்தை மதிப்புள்ள பெயராக்கிவிடும். வரலாற்று நூல்களில் இன்றும் அவர் பெயரின் அருகே "ஓக்சன்செப்" என்ற சொல் மரியாதையோடு அச்சிடப்படுகிறது.

மனச்சான்றின் குரலைத் தெளிவாகக் கேட்கும் செவியையும், கேட்டபடி நடக்கும் துணிவையும் இறைவன் நம் அனைவருக்கும் அருள்வாராக!